அடிபட்ட பிள்ளைக்கு எந்த ஸ்கேன், எப்போது?

நெல்லைச் சீமையில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவு வாசலில் நின்றாலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும். "ஸ்கேன் எடுத்தாச்சா?" கூட வந்த பெரியப்பா கேட்பார். ஊரிலிருந்து போன் போட்ட ஆச்சி கேட்பாள். துபாயில் இருக்கும் மாமாவும் கேட்பார். எடுத்தாயிற்று என்றால் வைத்தியம் பாதி முடிந்த நிம்மதி. எடுக்கவில்லை என்றால், "பிள்ளையைச் சும்மால்லா போட்டு வச்சிருக்காவ" என்று மனக்குறை.

அந்தத் தவிப்பு நியாயமானது. ஆனால் பலத்த அடிபட்ட பிள்ளைக்கு எந்தப் படம் எடுப்பது, எப்போது எடுப்பது, எதை எடுக்காமல் விடுவது என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பெரியவர்களுக்குப் போடும் கணக்கை அப்படியே பிள்ளைகளுக்குப் போட முடியாது. அது ஒரே கேள்வியில் தொடங்குகிறது: இந்தப் படத்தில் தெரியப்போவது, அடுத்து நாம் செய்யப்போவதை மாற்றுமா? மாற்றும் என்றால் தயங்காமல் எடுக்க வேண்டும். மாற்றாது என்றால் அந்தப் படம் வீட்டாரின் ஆறுதலுக்குத்தான். அந்த ஆறுதலுக்கு விலை கொடுப்பது பிள்ளையின் உடம்பு.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். நாங்குநேரிப் பக்கத்து ஊர். 7 வயதுப் பையன், அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் முன்னால் நின்றுகொண்டு வருகிறான். குறுக்கே ஆடு பாய்கிறது. அப்பா பிரேக் பிடிக்க, வண்டி சரிகிறது. ஹேண்டில்பார் நுனி பையனின் வயிற்றில் குத்துகிறது. தலை ரோட்டில் அடிக்கிறது. எழுந்து அழுகிறான். ஒரு தடவை வாந்தி எடுக்கிறான். வயிறு வலிக்கிறது என்கிறான். தொப்புளுக்கு மேலே காசு அளவுக்கு வட்டமாக ஒரு சிவந்த தடம். நானாகச் சொல்லும் உதாரணம்தான். ஆனாலும் நம் பக்கத்தில் யாருக்கும் இது புதிதாக இருக்காது. இவனுக்கு என்ன படம் எடுப்பது?

படத்துக்கு முன்னால்

முதலில் படமே கிடையாது. மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, மூச்சு சரியாகப் போய் வருகிறதா, ரத்த ஓட்டம் எப்படி, நினைவு எப்படி என்று இந்த வரிசையில் பார்ப்பார்கள். இதில் ரத்த ஓட்டம்தான் பிள்ளைகளிடம் ஆளை ஏமாற்றும்.

குழந்தையின் உடம்பில் கிலோவுக்குச் சுமார் 80 மி.லி. ரத்தம் ஓடுகிறது. 20 கிலோ பையனுக்கு மொத்தமே 1.6 லிட்டர். வளர்ந்த ஆளுக்கு அரை லிட்டர் ரத்தம் போனால், ரத்த தானத்தில் எடுப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம், சமாளித்துவிடுவார். இந்தப் பையனுக்கோ அரை லிட்டர் என்பது இருப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு போனாலும் பி.பி. உடனே இறங்காது. பிள்ளைகளின் ரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் வேகமாக அடித்து, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். கால் பங்குக்கு மேல் போன பிறகும் பி.பி. நார்மல் என்றே காட்டலாம். அப்புறம் ஒரேயடியாகச் சரியும். அதனால்தான் நர்ஸ் பி.பி.யோடு நிற்காமல் நாடியை எண்ணுகிறார், கைகால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார், விரல் நுனியை அமுக்கி விட்டு நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனிக்கிறார். 2 விநாடிக்கு மேல் ஆனால் சந்தேகப்பட வேண்டும்.

ரத்த ஓட்டம் தள்ளாடுகிற பிள்ளையை சி.டி. ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோகக் கூடாது. இது கிட்டத்தட்ட எல்லா ஊர் நெறிமுறைகளிலும் உள்ள விதி. ஸ்கேன் ஓடும்போது டாக்டர் பக்கத்தில் இருந்து வைத்தியம் செய்ய முடியாது. பிள்ளைக்கு அங்கே மூச்சு நின்றால் கையாள இடமும் இல்லை, சாமானும் இல்லை. அந்த நிலையில் படுக்கைப் பக்கத்திலேயே எடுக்கக்கூடிய மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் இடுப்பு எக்ஸ்ரே, வயிற்றில் ஒரு அவசர அல்ட்ராசவுண்ட். அதற்கு மேல் ரத்தம் ஏற்றுவதும், வேண்டுமென்றால் நேராக ஆபரேஷன் தியேட்டரும்தான். சரி, நம் பையன் நாடி கொஞ்சம் வேகமாக இருந்தாலும் நிலையாக இருக்கிறான் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கையில் இருக்கும் கருவிகள்

எக்ஸ்ரே எலும்பையும் மார்பையும் காட்டும். சில நொடி வேலை, கதிர்வீச்சு மிகக் குறைவு. அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே இல்லை. வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தால் காட்டும், ஆனால் பார்ப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. எம்.ஆர்.ஐ.யிலும் கதிர்வீச்சு இல்லை. தண்டுவடத்தையும் மூளையையும் அருமையாகக் காட்டும். ஆனால் சத்தம் போடும் குழாய்க்குள் அரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். சின்னப் பிள்ளை மயக்க மருந்து இல்லாமல் அப்படிக் கிடக்காது. அடிபட்ட முதல் மணி நேரத்தில் அதற்கு வேலை குறைவு.

மிச்சம் சி.டி. ஸ்கேன், எக்ஸ்ரேயைக் கொண்டே உடம்பைத் துண்டு துண்டாகப் படம் பிடிப்பது. வேகத்திலும் தெளிவிலும் அதை அடிக்க ஆள் இல்லை. புது இயந்திரங்களில் தலை ஸ்கேன் சில விநாடிகளில் முடிகிறது. பிள்ளையைத் துணியில் சுற்றி, அம்மா பக்கத்தில் ஈய ஏப்ரன் போட்டு நின்று பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் மயக்க மருந்தே வேண்டியதில்லை. (அம்மா கர்ப்பமாக இருந்தால் அப்பாவோ சித்தியோ நிற்கட்டும்.) பிரச்சினை கதிர்வீச்சுதான்.

எவ்வளவு என்று சொன்னால்தான் பயமும் அளவோடு இருக்கும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒவ்வொரு மனிதருக்கும் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு இயற்கையாகவே கிடைக்கிறது. தெற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கதிர்வீச்சு விடும் மோனசைட் மணல் கிடப்பதால் அங்கே இன்னும் கூடுதல். மார்பு எக்ஸ்ரே ஒன்று சுமார் 0.02 மில்லிசீவர்ட், அதாவது இயற்கையாகக் கிடைப்பதில் சில நாள் பங்கு. தலை சி.டி. சுமார் 2, கிட்டத்தட்ட ஒரு வருடத்துப் பங்கு. வயிற்று சி.டி. அதைவிடப் பல மடங்கு ஆகலாம்; இயந்திரத்தையும், அதைப் பிள்ளையின் எடைக்குத் தகுந்தபடி குறைத்து வைத்தார்களா என்பதையும் பொறுத்தது. பெரியவர்களுக்கான செட்டிங்கிலேயே சின்ன உடம்பை எடுத்தால் தேவைக்கு மேல் வாங்கிக்கொள்ளும்.

பிள்ளைகளிடம் இது ஏன் பெரிதாகப் படுகிறது? வளரும் உடம்பில் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. கதிர்வீச்சு அங்கே கூடுதலாகக் காயப்படுத்தும். அந்தக் காயம் நோயாக முளைக்கப் பல வருடம் ஆகும். 70 வயதுத் தாத்தாவுக்கு அந்த வருடங்கள் மிச்சம் இல்லாமல் இருக்கலாம், 7 வயதுப் பேரனுக்கு நிறைய உண்டு. 2012-ல் பிரிட்டனில் சி.டி. எடுத்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 'லான்செட்' இதழில் வந்தது. 10 வயதுக்குள் தலை சி.டி. எடுத்த 10,000 பிள்ளைகளில், அடுத்த 10 ஆண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம் என்று அது மதிப்பிட்டது.

இந்த எண்ணை இரண்டு விதமாகவும் தவறாகப் படிக்கலாம். "ஐயோ, ஸ்கேன் எடுத்தா கேன்சர்" என்று தேவையான சி.டி.யை மறுத்துவிட்டு வீட்டுக்குத் தூக்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மூளையில் ரத்தம் கசிகிற பிள்ளைக்கு ஆபத்து இன்றைக்கு, இந்த மணி நேரத்தில். 10,000-ல் ஒன்றிரண்டு என்ற கணக்கு அதன் பக்கத்தில் நிற்காது. இன்னொரு பக்கம், "ஒண்ணுதானே, எடுத்துப் பாத்துருங்க" என்பவர்கள். தேவை இல்லாத 10,000 பேருக்கு எடுத்தால் அந்த ஒன்றிரண்டு பேர் யாருடைய வீட்டிலாவது இருப்பார்கள்.

தலை: அம்மா சொல்வதும் ஒரு பரிசோதனை

தலையில் அடிபட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு உள்ளே ஒன்றும் இருக்காது. யாருக்கு இருக்கும் என்று பிரித்தறிவதுதான் சிக்கல். இதற்காக வட அமெரிக்காவில் 25 அவசரப் பிரிவுகள் சேர்ந்து 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2009-ல் ஒரு விதியை வெளியிட்டன. பெகார்ன் விதி என்பார்கள். இன்று பல நாடுகளில் டாக்டர்கள் இதை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். 2017-ல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 20,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் இதையும் வேறு இரண்டு விதிகளையும் ஒப்பிட்டார்கள். ஆபத்தான காயத்தைத் தவறவிடாமல் பிடிப்பதில் இதுதான் முன்னால் நின்றது.

விதி முதலில் நினைவைப் பார்க்கிறது. கிளாஸ்கோ கோமா அளவுகோல் என்று ஒன்று உண்டு. கண் திறப்பது, பேசுவது, அசைவது மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். முழு நினைவுக்கு 15, அடிமட்டம் 3. பேசத் தெரியாத குழந்தைகளுக்கு அழுகையையும் சிரிப்பையும் வைத்து மாற்றி அமைத்த அளவுகோல் இருக்கிறது. 14-க்குக் கீழே போய்விட்டால் விதியெல்லாம் பார்க்க வேண்டியதில்லை, சி.டி.தான். 14 என்றாலும், பிள்ளை மந்தமாகவோ கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டோ இருந்தாலும் சி.டி. எடுக்கத்தான் விதி சொல்கிறது. 2 வயதுக்குக் கீழ் என்றால், தொட்டுப் பார்க்கையில் மண்டையோட்டில் முறிவு தட்டுப்பட்டாலும் அதே முடிவு. 2 வயதுக்கு மேல், மண்டையின் அடித்தளம் முறிந்ததற்கான அடையாளங்களைத் தேடுவார்கள்: காதுக்குப் பின்னால் ரத்தக் கன்றல், கண்ணைச் சுற்றிக் கறுப்பு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிவது.

இவை எதுவும் இல்லாமல், நடுவாந்தரமான அறிகுறிகள் மட்டும் இருக்கும் பிள்ளைகள்தான் நிறையப் பேர். பெரிய பிள்ளைக்கு: கொஞ்ச நேரம் நினைவு தப்பியது, வாந்தி, கடுமையான தலைவலி, அல்லது அடிபட்ட விதமே பலமாக இருப்பது. 5 அடிக்கு மேலிருந்து விழுந்தது, ஹெல்மெட் இல்லாமல் சைக்கிளில் போகும்போது வண்டி மோதியது போன்றவை பலமான அடியில் சேரும். கைக்குழந்தைக்கு உயரக் கணக்கு 3 அடிதான்; கட்டிலிலிருந்து விழுந்தால் பெரும்பாலும் அதற்குள் அடங்கும், மாடிப்படியிலோ இடுப்பிலிருந்தோ விழுந்தால் தாண்டிவிடலாம். நெற்றியில் புடைத்தால் அவ்வளவு பயமில்லை; பக்கவாட்டிலோ பின்மண்டையிலோ புடைத்தால் கவனிக்க வேண்டும். இதெல்லாம் ஒரு பக்கம். 2 வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கான பட்டியலில் இன்னொன்று இருக்கிறது: பிள்ளை வழக்கம்போல இல்லை என்று பெற்றவர்கள் சொல்வது. "எப்பவும் இப்படி இருக்க மாட்டா டாக்டர், ஒரு மாதிரியா இருக்கா" என்று அம்மையோ ஆச்சியோ சொன்னால், அது புலம்பல் கணக்கில் சேராது. அந்தப் பெரிய ஆய்விலேயே தேறி வந்த அறிகுறி. அதைச் சொல்லத் தயங்கவே கூடாது. கேட்காத டாக்டரிடம் இரண்டாம் தடவையும் சொல்லலாம்.

நடுவாந்தரக் கூட்டத்துக்கு விதி தரும் பதில் இரண்டு: சி.டி. எடுக்கலாம், அல்லது கூடவே வைத்துக் கவனிக்கலாம். ஒரே ஒரு அறிகுறி, அதுவும் குறைந்துகொண்டே வருகிறது என்றால் கவனிப்பது நல்லது. அடிபட்டதிலிருந்து 4 முதல் 6 மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்து, இடைவெளி விட்டு நினைவையும் கண்மணியையும் நாடியையும் பார்ப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இதுதான் "சும்மா போட்டு வச்சிருக்காவ". உண்மையில் சி.டி. தராத ஒன்றை இது தருகிறது. ஸ்கேன் ஒரு நொடியின் படம். நோயாளியின் போக்கு எந்தப் பக்கம் என்பது மணிக்கணக்கில் பார்த்தால்தான் தெரியும். நிலை மோசமானால் அந்த நிமிடமே சி.டி. எடுப்பார்கள், அறிகுறிகள் கூடக் கூட, அல்லது குழந்தை 3 மாதத்துக்குள் இருந்தால், முன்கூட்டியே எடுக்கச் சாய்வார்கள்.

எந்த அறிகுறியும் இல்லாத பிள்ளைக்கு, 2 வயதுக்கு மேல் என்றால், ஆபத்தான மூளைக் காயம் இருக்கும் வாய்ப்பு 0.05 சதவீதத்துக்கும் கீழ். அங்கே சி.டி. கேட்டு அடம்பிடிப்பதில் அர்த்தம் இல்லை. மண்டை எக்ஸ்ரே எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அது எலும்பைக் காட்டும், மூளையைக் காட்டாது. அதனால் இந்த வேலைக்கு அதைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டார்கள்.

நம் பையனுக்கு வாந்தி ஒரு தடவை, அடி பலம். நினைவு 15. நடுவாந்தரக் கூட்டத்தில் சேர்கிறான்.

கழுத்தும் மார்பும்

8 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, கழுத்துத் தசை பலமில்லை. அதனால் கழுத்து முறிந்தால் பெரும்பாலும் மேல் பகுதியில்தான் முறியும். விழித்து, பேசி, கழுத்தில் வலி இல்லாமல், நன்றாகத் திருப்பும் பிள்ளைக்கு எந்தப் படமும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே. நினைவில்லாத பிள்ளைக்குத் தலை சி.டி. எடுக்கும்போதே கழுத்தையும் சேர்த்து எடுப்பார்கள். மற்றபடி கழுத்து சி.டி.யில் தைராய்டு சுரப்பி கதிர்வீச்சு வாங்கும், அதனால் தயங்குவார்கள். எலும்பு நன்றாக இருந்தும் கைகால் மரத்துப்போய் இருந்தால், அங்கேதான் எம்.ஆர்.ஐ. முதல் வரிசைக்கு வருகிறது. பிள்ளைகளுக்கு எலும்பு முறியாமலே தண்டுவடம் காயப்படும்.

மார்புக்கு எக்ஸ்ரே போதும், பெரும்பாலும். பிள்ளைகளின் விலா எலும்பு வளைந்து கொடுக்கும். விலா முறியாமலே நுரையீரல் கன்றிப்போயிருக்கலாம். மாறாக, சின்னப் பிள்ளைக்கு விலா முறிந்திருக்கிறது என்றால் அடி பயங்கரமானது என்று அர்த்தம். எக்ஸ்ரேயில் பெரிய ரத்தக் குழாய்ப் பகுதி அகலமாகத் தெரிந்தால் மட்டும் மார்பு சி.டி.

வயிறு

நம் பையனுக்கு உண்மையான கேள்வி இங்கேதான். முதலில் கைக்கு வருவது ஃபாஸ்ட் எனப்படும் அவசர அல்ட்ராசவுண்ட். கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், அடிவயிறு, இதயத்தைச் சுற்றி என்று நான்கு இடங்களில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று இரண்டு மூன்று நிமிடத்தில் பார்த்துவிடலாம். பெரியவர்களிடம் நன்றாக உதவுகிறது. பிள்ளைகளிடம் அதை நம்பி நிற்க முடியாது: கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்தும், வெளியே ரத்தம் தேங்காமல் இருப்பது பிள்ளைகளிடம் அடிக்கடி நடக்கும். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல" என்று சொல்லும் அந்த ஸ்கேன் இதுவாக இருந்தால், ரத்தம் தேங்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். 2017-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், நிலையாக இருந்த 925 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு ஃபாஸ்ட் செய்தார்கள், மறுபாதிக்குச் செய்யவில்லை. சி.டி. எண்ணிக்கையோ, தவறவிட்ட காயமோ, தங்கிய நேரமோ பெரிதாக மாறவில்லை. ரத்த ஓட்டம் தள்ளாடுகிற பிள்ளைக்கோ அது உயிர்காக்கும் கருவி; வயிறு நிறைய ரத்தம் தெரிந்தால் தியேட்டருக்குப் போக அதுவே போதும்.

அப்படியானால் வயிற்றுக்கு சி.டி. யாருக்கு? இதற்கும் 2013-ல் 12,000 பிள்ளைகளை வைத்து ஒரு விதி வந்தது. ஏழு விஷயம் பார்க்கிறார்கள். வயிற்றின் மேல் அடித்தடம் அல்லது சீட் பெல்ட் தடம் இருக்கிறதா, நினைவு அளவு 14-க்குக் கீழா, அமுக்கினால் வலிக்கிறதா, பிள்ளையே வயிறு வலிக்கிறது என்கிறதா, மார்புச் சுவரில் காயமா, மூச்சுச் சத்தம் ஒரு பக்கம் குறைவா, வாந்தியா. ஏழும் இல்லையென்றால், ஆபரேஷனோ ரத்தமோ தேவைப்படும் அளவுக்கு உள்ளே காயம் இருக்கும் வாய்ப்பு 0.1 சதவீதம், வயிற்று சி.டி. வேண்டாம். ஒன்றோ இரண்டோ இருந்தால் உடனே சி.டி. என்று விதி சொல்லவில்லை. அங்கே சிறுநீரில் ரத்தம் இருக்கிறதா, கல்லீரல் நொதிகள் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, டாக்டர் தன் அனுபவத்தை வைத்து முடிவெடுக்க வேண்டும். நம் பையனிடம் தடம் இருக்கிறது, வலி இருக்கிறது, வாந்தி இருக்கிறது. மூன்றும் சேர்ந்ததும் சி.டி. பக்கம் கனம் கூடுகிறது.

அந்தக் காசு அளவுத் தடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹேண்டில்பார் நுனி சின்ன இடத்தில் முழு வேகத்தையும் இறக்குகிறது. வயிற்றுச் சுவருக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் சிக்கிக்கொள்வது கணையமும் முன்சிறுகுடலும். இரண்டும் ஆழத்தில் இருப்பவை. அல்ட்ராசவுண்டில் சரியாகத் தெரியாது, முதல் நாள் வலியும் பெரிதாக இருக்காது. சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளைகளுக்கும் இதே கதைதான். வெளியில் தோல் கூடக் கிழியாமல் இருக்கும், அதைப் பார்த்து எல்லோரும் ஏமாறுவார்கள். என்னைக் கேட்டால், எக்ஸ்எல் வண்டியில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போகும் வழக்கத்தை நம் ஊர் விடுவதற்கு இந்த ஒரு தடம் போதும்.

வயிற்று சி.டி. எடுக்கும்போது நரம்பு வழியாகச் சாய மருந்து ஏற்றி ஒரே ஒரு சுற்று எடுப்பதுதான் பிள்ளைகளுக்கு முறை. மருந்து இல்லாமல் ஒரு முறை, மருந்தோடு ஒரு முறை என்று இரண்டு சுற்று எடுத்தால் கதிர்வீச்சு இரட்டிப்பாகும். கிடைக்கும் தகவல் இரட்டிப்பாகாது. வாயால் குடிக்கக் கொடுக்கும் மருந்தும் அவசரத்தில் தேவையில்லை.

சி.டி.யில் மண்ணீரல் கிழிந்திருக்கிறது என்று வந்துவிட்டது. உடனே ஆபரேஷனா? பெரும்பாலும் இல்லை. பிள்ளைகளின் மண்ணீரலும் கல்லீரலும் படுக்கை ஓய்விலேயே ஆறிவிடும். கத்தி வைப்பதா இல்லையா என்பதை, கிழிசல் எவ்வளவு பெரிது என்பதைவிட, ரத்தம் ஏற்றியும் பிள்ளை நிலைக்கு வருகிறதா என்பதே தீர்மானிக்கிறது. தலையிலிருந்து கால் வரை ஒரே மூச்சில் ஸ்கேன் எடுத்துவிடும் வழக்கம் பெரியவர்களிடம் இருக்கிறது. அங்கேயே அது உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று 2016-ல் நெதர்லாந்துக்காரர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு காட்டியது. பிள்ளைகளுக்கு அதை வழக்கமாக்கக் கூடாது என்று பிரிட்டனின் ராயல் கதிரியக்கவியல் கல்லூரி 2014-லேயே எழுதிவிட்டது. எந்த உறுப்பில் சந்தேகமோ அதற்கு மட்டும் படம்.

ஒரே ஒரு விதிவிலக்கை இங்கே சொல்லிவிடுகிறேன். 2 வயதுக்குக் கீழான குழந்தையின் காயத்துக்கும் சொல்லும் காரணத்துக்கும் பொருந்தாமல் இருந்தால், உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுப்பார்கள். யாராவது குழந்தையை அடித்திருக்கிறார்களா என்று பழைய முறிவுகளைத் தேடுவது அது. எந்தக் குடும்பத்தையும் அவமதிப்பதற்கு இல்லை. பேச முடியாத குழந்தைக்காகப் பார்ப்பது.

வள்ளியூரிலிருந்து பாளையங்கோட்டை வரை

விபத்து நடப்பது நான்குவழிச் சாலையிலோ களக்காட்டு மலையடிவாரத்திலோ. முதலில் போவது பக்கத்து ஆஸ்பத்திரிக்கு. அங்கே சி.டி. இயந்திரம் இருக்கலாம், அல்லது பஜாரில் தனியார் ஸ்கேன் சென்டர் இருக்கலாம். "ஸ்கேன் எடுத்துட்டே போயிருவோம்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். இங்கேதான் முதலில் சொன்ன கேள்வி முழு பலத்தோடு வேலை செய்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் மூளை ஆபரேஷனுக்கும் குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கும் ஆள் இல்லையென்றால், ஸ்கேனில் எது தெரிந்தாலும் அடுத்து செய்வது ஒன்றுதான்: பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. அப்படியானால் அதை இப்போதே செய்யலாமே. ஸ்கேனுக்காக முக்கால் மணி நேரம் நிற்பது பிள்ளையின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. மூச்சைச் சரிசெய்து, கழுத்தை அசையாமல் பிடித்து, நரம்பில் ஊசி போட்டு, மருத்துவக் கல்லூரிக்குப் போன் செய்துவிட்டு 108-ல் ஏற்றும் டாக்டர், தன்னிடம் உள்ள இயந்திரத்தைப் பயன்படுத்தாமல் விட்டதாக நினைக்க வேண்டாம். ரொம்பச் சரியாக வேலை செய்திருக்கிறார்.

ஏற்கெனவே படம் எடுத்தாயிற்று என்றால் அதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பெரிய கவரில் வைத்த பிலிம் மட்டும் போதாது. சில படங்களைத்தான் அச்சடித்திருப்பார்கள். எல்லாப் படங்களும் பதிந்த டிஸ்கோ பென் டிரைவோ கேட்டு வாங்குங்கள். அது இல்லாததால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மறுபடி எடுக்க வேண்டி வந்தால், ஒரே இரவில் ஒரே பிள்ளைக்கு இரண்டு தலை ஸ்கேன். தவிர்க்கக்கூடிய கதிர்வீச்சில் இதைவிட வீண் வேறு இல்லை.

வழியில் பிள்ளை அழுகிறதே என்று ஒரு வாய் காப்பியோ கலரோ கொடுக்கக் கூடாது. மயக்க மருந்தோ ஆபரேஷனோ தேவைப்பட்டால் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. பணக் கவலை இருந்தால்: 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு ஆஸ்பத்திரிகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவசம். காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். மாமரத்திலிருந்து விழுந்ததற்கு இது வராது. அதற்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்? "ஏன் ஸ்கேன் எடுக்கலை?" என்று தொடங்கினால் பேச்சு சண்டைப் பக்கம் போகும். "எதைப் பாத்தா ஸ்கேன் எடுப்பீங்க, எவ்வளவு நேரம் கவனிப்பீங்க?" என்று கேளுங்கள். எடுக்கச் சொன்னால், "முடிவு எப்படி வந்தா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் பிள்ளை நல்ல கையில் இருக்கிறது.

அப்புறம் வீட்டுக்கு அனுப்பும் நேரம். தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாமல் தூங்கினால், வலிப்பு வந்தால், நடை தள்ளாடினால் அடுத்த நிமிடமே கிளம்ப வேண்டும். வயிற்றில் ஹேண்டில்பார் குத்திய பிள்ளை முதல் நாள் நன்றாக விளையாடியிருந்தாலும், முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாலும், இரண்டு மூன்று நாள் வரை பார்த்துக்கொண்டே இருங்கள். சோறு இறங்காமல், வலி முதுகுப் பக்கம் பரவி, பச்சையாக வாந்தி எடுத்தால் முன்சிறுகுடலில் ரத்தம் கட்டியிருக்கலாம், கணையம் கன்றியிருக்கலாம். அன்றைக்கு எடுக்காத வயிற்று சி.டி.யை அப்போது உடனே எடுப்பார்கள். அடிபட்ட தேதியையும் எந்த இடத்தில் குத்தியது என்பதையும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் சாதாரண வயிற்றுப்போக்கு வாந்தி என்று நினைத்து மருந்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.